மாப்பிள்ளைக்கு விட்ட பந்து

டென்னிஸில் இரண்டு வர்க்கம் உண்டு. ஒற்றையர் ஆடுகிறவனுக்குப் பெரிய மைதானம், குடை பிடிக்க ஆள், சுவரில் படம். இரட்டையர் ஆடுகிறவனுக்கு ஓரத்து மைதானம், பக்கத்தில் குப்பைத் தொட்டி, மழைக்கு முன்னால் முடித்துக்கொள் என்று ஓர் உத்தரவு. பினாங்கு ஜார்ஜ் டவுன் ஹைதர் இரண்டாவது வர்க்கம். முப்பத்து மூன்று வயதுக்குள் அவன் பாதி ஆசியாவைப் பார்த்துவிட்டான். பார்த்ததெல்லாம் ஓரம்தான். தாஷ்கண்டில் ஓரம், சூரபாயாவில் ஓரம், பாங்காக்கில் ஓரத்திலும் ஓரம்.

அவனுடைய ஜோடி ஹாஃபிஸ். புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஃபோர்மன் ஒருவரின் மகன். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக ஆடுகிறவர்கள். வெளியூரில் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுப்பார்கள். ஹைதரின் அம்மா நோர்மா கட்டிக் கொடுத்த உலர்ந்த இறைச்சிப் பொரியலை ஓட்டல் கெட்டிலில் வெந்த சோற்றோடு பிசைந்து தின்பார்கள். மறுநாள் மைதானத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள்.

இந்தத் திட்டுதான் அவர்கள் தொழிலின் அச்சாணி. ஹாஃபிஸ் கை தங்கம். ஆனால் ஆள் தூங்குமூஞ்சி. பந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான், யாரோ விருந்தாளி வருகிற மாதிரி. இரண்டு பேருக்கும் நடுவே வரும் பந்து இடப்பக்கம் நிற்கிறவனுடையது; அவனுக்குத்தான் வலக்கையை ஓங்கி அடிக்க வசதி. இடப்பக்கம் நிற்பது ஹாஃபிஸ். ஆகவே ஒவ்வொரு நடுப்பந்துக்கும் வலப்பக்கத்திலிருந்து ஹைதர் கத்த வேண்டும்.

"ஒன் பந்துடா எருமை!"

கத்தினால் அடிப்பான். அடித்தால் திரும்பி வராது. கத்தாவிட்டால் நிற்பான். முடுக்கினால்தான் ஓடும் வண்டி.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் ஹாஃபிஸ், ஹைதரின் தங்கை ஃபாத்தினை நிக்காஹ் செய்துகொண்டான். காதல்தான். யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஹைதரே சாட்சிக் கையெழுத்துப் போட்டான். தன் தொழிலுக்குத் தானே கையெழுத்துப் போட்டு மூடுகிறோம் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

நேற்று வரை எருமையாக இருந்தவன் அன்று மாலையே மாப்பிள்ளை ஆகிவிட்டான். தமிழ் முஸ்லிம் வீட்டில் மாப்பிள்ளை என்றால் என்னவென்று வெளியே சொன்னால் நம்பமாட்டார்கள். அவர் உட்கார்ந்த பிறகுதான் சோறு. மீன் தலை அவருக்கு. காற்றாடி அவர் பக்கம் திரும்பி நிற்கும். மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே தங்குவதென்று முடிவானதும் ஹைதரின் அறை அவருக்குப் போனது. ஹைதர் வரவேற்பறை சோபாவுக்கு வந்தான். அவன் கால் நீளம், சோபா குட்டை.

ஹைதரின் தகப்பனார் ஷேக் அலாவுதீன், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அத்தரும் தொப்பியும் விற்கிறவர். அவர் மகனை உட்கார வைத்துச் சட்டம் சொன்னார்.

"இங்க பாரு ஹைதரு. இனிமே அவரு ஒன் கூட்டாளி இல்ல. இந்த வீட்டு மருமவன். வாடா போடா எல்லாம் கூடாது."

"டென்னிஸ் கோர்ட்லயுமா அத்தா?"

"கோர்ட்டு என்ன மக்காவுலயா இருக்கு? எங்கயும் கூடாது."

அங்கே ஹாஃபிஸுக்கும் அவன் வீட்டில் அதே பாடம். மனைவியின் அண்ணன் என்றால் மூத்தவர் ஸ்தானம், முந்திக்கொண்டு எதையும் எடுக்கக் கூடாது. பிறகென்ன? அடுத்த போட்டியிலேயே முதல் நடுப்பந்து வந்தது.

"மச்சான், நீங்க எடுங்க."

"இல்ல மச்சான், நீங்க."

பந்து இரண்டு பேருக்கும் நடுவே நிதானமாக விழுந்து, குதித்து, பின்னால் வேலியில் போய் ஓய்ந்தது. அப்புறம் எட்டு மாதம் முதல் சுற்றைத் தாண்டவில்லை. தரவரிசையில் அவர்கள் பெயரைத் தேட விரல் வலித்தது.

கடைசியில் ஜார்ஜ் டவுனிலேயே ஒரு சின்ன சர்வதேசப் போட்டி வந்தது. ஷேக் அலாவுதீன் மகனுக்கு இறுதி எச்சரிக்கை கொடுத்தார்.

"இதுலயும் மொத ரவுண்டுல தோத்தா, திங்கக்கெழம ஜுருவுக்குப் போற. காடி விக்கிற எடத்துல மொதலாளி தவுக்கே கிட்ட பேசிட்டேன். டை கட்டணுமாம்."

"அப்ப மாப்பிள்ள?"

"அவருக்கென்ன, ஆசை இருக்கிற வரைக்கும் ஆடட்டும். வேற ஆளா கெடைக்காது?"

ஹைதர் சரி என்றான். சோபாவில் படுத்து விட்டத்தைப் பார்த்தான். பந்து அடிப்பதைத் தவிர அவனுக்கு ஒரு வேலையும் தெரியாது. கார் ஓட்டுவதே சுமார். விற்பது எப்படி? அதோடு, ஹாஃபிஸ் இன்னொருவனோடு தாஷ்கண்டில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக் கிடப்பதை நினைக்க வயிறு எரிந்தது.

போட்டி நாள். வழக்கம்போல ஓரத்து மைதானம். எதிரே இரண்டு ஆஸ்திரேலியப் பையன்கள், தென்னை மரம் மாதிரி. ஆனால் ஒரு புதுமை: பார்வையாளர் பலகை நிறைந்திருந்தது. மகன் ஆடிய இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வராத ஷேக் அலாவுதீன், மாப்பிள்ளை ஆடுகிறாரென்று குடையும் குடும்பமுமாக வந்துவிட்டார். நோர்மா மூன்று அடுக்குத் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஃபாத்தின் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் செட் ஊருக்கே பாடம். நடுவே பந்து வரும். இருவரும் கை நீட்டி வழிவிடுவார்கள், விருந்தில் பிரியாணி சஹன் தட்டு முன்னால் நிற்கிற மாதிரி. பந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் ஷேக் அலாவுதீன் மட்டும் கை தட்டினார்.

"பாத்தியா, மருவாதிய! மாப்பிள்ளைக்கு விட்டுக் குடுக்குறான்!"

"அத்தா, அது நம்ம பாயிண்ட் போகுதுலா," என்றாள் ஃபாத்தின்.

"பாயிண்டு போவும் வரும். பண்பு வருமா?"

முதல் செட் 6-2, ஆஸ்திரேலியாவுக்கு. இரண்டாவதில் 4-1, அதுவும் அவர்களுக்கே. இடைவேளை நாற்காலியில் ஹைதர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். துண்டுக்குள் ஒரு டை தெரிந்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி.

மறுபடி ஆட்டம். நடுப்பந்து வந்தது. பழம் மாதிரி பந்து, மெதுவாக, உயரமாக. குழந்தை கூட அடிக்கும்.

"மச்சான்..." என்று ஹாஃபிஸ் வழிவிட்டுக் கை நீட்டினான்.

"ஒன் பந்துடா எருமை!"

கத்தியது தான்தான் என்று ஹைதருக்குத் தெரிவதற்குள் இன்னொரு சொல்லும் வந்துவிட்டது. அதை அச்சில் போட முடியாது. பலகையில் நோர்மாவின் தூக்குச்சட்டி மூடி விழுந்து உருண்டது. ஷேக் அலாவுதீன் குடையோடு எழுந்தார்.

ஆனால் ஹாஃபிஸ்? எட்டு மாதமாகச் செத்துக் கிடந்த இன்ஜினில் சாவி போட்ட மாதிரி குதித்தான். அடித்தான். பந்து ஆஸ்திரேலியர் இருவருக்கும் நடுவே பாய்ந்து வேலியில் குத்தி நின்றது. திரும்பினான். முகமெல்லாம் பல்.

"கூப்ட ஒனக்கு இவ்ளோ நாளாடா குருடா!" என்றான். அவன் பங்குக்கு அவனும் ஒன்று சேர்த்தான். அதுவும் அச்சுக்கு ஆகாது.

உயர நாற்காலியில் இருந்த நடுவர் மைக்கைத் திறந்தார். ஆபாசச் சொல், எச்சரிக்கை என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். இருவரும் திகைத்து நின்றார்கள். இத்தனை நாட்டில் இத்தனை வருஷம் திட்டியும் இது நடந்ததே இல்லை. நாற்காலியில் யாரென்று அப்போதுதான் பார்த்தார்கள். பட்டர்வொர்த் சிவநேசன். வார நாளில் தமிழ்ப் பள்ளி வாத்தியார்.

"எருமை கெட்ட வார்த்தையா சார்?" என்றான் ஹைதர்.

சிவநேசன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "எருமை ஓகே தம்பி. அதுக்கப்புறம் சொன்னீங்களே, அது ஓகே இல்ல. இன்னொரு தடவ சொன்னா பாயிண்டு போயிரும்."

இதற்குள் ஷேக் அலாவுதீன் வேலியோரம் வந்துவிட்டார். கம்பிக்குள் குடையை நுழைத்தார்.

"மாப்பிள்ள கிட்ட மன்னிப்புக் கேளுடா! இப்பவே!"

"அத்தா, ஆட்டம் நடக்குது!"

"சபையில அவமானப்படுத்திட்டு ஆட்டமாம்!"

ஃபாத்தின் வந்து தகப்பன் கையைப் பிடித்தாள். "அத்தா, அவரு மூஞ்சியப் பாருங்க. கல்யாணத்தன்னிக்குக் கூட இப்படிச் சிரிக்கல. வந்து உக்காருங்க."

கிழவர் பார்த்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு குதித்துக் குதித்து நின்றார். கிழவர் குடையை உருவிக்கொண்டு போய் உட்கார்ந்தார், ஒன்றும் புரியாமல்.

அப்புறம் மைதானம் சந்தைக்கடை ஆனது. புள்ளி போய்விடுமே என்று சுத்தமான வசவாகத் தேடினார்கள். எருமை தீர்ந்து தேவாங்கு வந்தது. பிறகு காய்கறிக்கு இறங்கினார்கள்.

"வெண்டிக்கா! ஒன்னோடது!"

"தெரியும்டா, முத்துன முருங்கக்கா!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. பெரிய மைதானத்திலிருந்து கூட ஆட்கள் எழுந்து வந்தார்கள். "சொரக்காய விட்டுட்டியே தம்பி!" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். ஆஸ்திரேலியர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் காய்கறி இல்லை. இரண்டாவது செட் 7-5, நம்ம ஆட்களுக்கு.

இரட்டையருக்கு மூன்றாவது செட் முழுசாகக் கிடையாது. முதலில் பத்துப் புள்ளி எடுக்கிறவன் ஜெயித்தான், அவ்வளவுதான். 9-8 வரை இழுத்தார்கள். இன்னும் ஒன்று எடுத்தால் ஜுரு இல்லை.

நடுப்பந்து வந்தது.

ஹைதர் கத்தவில்லை, கத்த மூச்சில்லை. தானே பாய்ந்தான். ஹாஃபிஸும் திட்டு வருவதற்கு முன்பே, வாழ்க்கையில் முதல் முறையாக, தானே பாய்ந்தான். இரண்டு மட்டையும் படாரென்று மோதின. இரண்டு மண்டையும் மோதின. பந்து வலை மேல் ஏறி, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது.

சத்தம் அடங்கவில்லை, சிவநேசன் கை உயர்த்தினார். ஒரே பந்தை இரண்டு மட்டையும் தொட்டிருந்தால் புள்ளி எதிராளிக்கு. அதுதான் விதி. அந்த நேரம் பார்த்துப் பலகையிலிருந்து ஷேக் அலாவுதீன் பெருமை தாங்காமல் முழங்கினார்.

"ரெண்டு பேரும் சேந்து அடிச்சாங்க! நா பாத்தேன்! என் மவனும் மருமவனும்!"

"அத்தா, வாய மூடுங்க!" என்று மைதானத்திலிருந்து இரண்டு குரல் ஒரே நேரத்தில் வந்தது. மாமனாரை அப்படிச் சொன்ன மாப்பிள்ளை பினாங்கிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சிவநேசன் இறங்கி வந்தார். "யாரு மட்டையில பட்டுச்சு?"

"மச்சான் மட்டையிலதான் சார். நா அவரு மட்டைய மட்டுந்தான் அடிச்சேன்," என்றான் ஹாஃபிஸ். மட்டையைக் காட்டினான். நரம்பில் பந்து பட்ட தடமில்லை, மட்டையின் ஓரச் சட்டம் விரிசல் விட்டிருந்தது. சிவநேசன் தன் கண்ணும் அதையே பார்த்ததென்று சொல்லி, புள்ளியை நம்ம ஆட்களுக்கே கொடுத்து ஆட்டத்தை முடித்தார்.

இரண்டாவது சுற்றில் 6-1, 6-1 என்று தோற்றார்கள். இரண்டு பேருக்கும் தலை வீங்கியிருந்தது, பந்தும் இரண்டாகத் தெரிந்தது. அதனால் என்ன? வாக்கு முதல் சுற்றுக்குத்தான். டை கட்ட ஜுருவில் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஷேக் அலாவுதீன் இருவரையும் உட்கார வைத்தார். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. ஆனாலும் தீர்ப்புச் சொன்னார்.

"வெள்ளக் கோட்டுக்கு உள்ள என்ன எழவு வேணா பேசிக்கங்க. என் காதுல விழாத மாதிரி நா இருந்துக்கிறேன். கோட்டுக்கு வெளிய கால் வச்சா மருவாதி. புரியுதா?"

புரிந்தது என்றார்கள். மாப்பிள்ளைக்கு மீன் தலை வந்தது. காற்றாடி அவர் பக்கமே நின்றது. அறையும் திரும்பக் கிடைக்கவில்லை.

மறுவாரம் பயிற்சி. ஹாஃபிஸ் ஒரு லட்டு மாதிரி பந்தைத் தூக்கத்தில் விட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே போய் நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்தான். ஹைதர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். ஹாஃபிஸ் போத்தலை மூடவில்லை. இன்னும் ஒரு மடக்கு குடித்தான். இன்னும் ஒன்று.

"மச்சான், கொஞ்சம் உள்ள வர்றீங்களா?" என்றான் ஹைதர்.

"எதுக்கு மச்சான்? இங்க நல்லா காத்து வருது."

ஹைதர் போனான். மாப்பிள்ளையின் சட்டைக் காலரை மரியாதையாகப் பிடித்தான். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து நிறுத்தினான். இரண்டு காலும் உள்ளே இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தான். பிறகு ஆரம்பித்தான்.