நடுவில் நின்றுபோகும் பாட்டு

இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டே மகளின் புதிய ஆல்பத்தைக் கைபேசியில் ஓடவிட்டிருந்தேன். டிரம்மும் கிட்டாரும் சமையலறையை அதிரவைத்துக்கொண்டிருந்தன. சட்டென்று எல்லாம் நின்றது. நான் தோசைக்கரண்டியோடு வாசலுக்கு ஓடி, எதிர்வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கைபேசிப் பாட்டுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவர்களிடம் கேளுங்கள். தோசை கருகிவிட்டது, அது வேறு விஷயம்.

நாங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கள் வீட்டை ஒட்டியே முதலாளியின் விசைத்தறிப் பட்டறை. அப்பாவும் சித்தியும் அங்கேதான் தறி ஓட்டினார்கள். கஞ்சி போட்ட நூலும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனையில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். இன்றும் புது லுங்கியைப் பிரித்தால் அந்த வாசனையில் பாதி வந்துவிடும். மீதிப் பாதிக்கு ஏதாவது ஒர்க்‌ஷாப்பைக் கடந்து போகவேண்டும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேச, காதுக்குள் கத்தவேண்டும். தூரத்தில் நிற்பவருக்குக் கைஜாடையும் உதட்டசைவும்தான். அப்படிக் கத்திப் பழகிய தொண்டை எங்கே போனாலும் இறங்காது. கல்யாணமாகி நாமக்கல் வந்த புதிதில் நான் உப்பு டப்பா எங்கே என்று கேட்டாலே, மாமனார் ஏதோ சண்டை என்று எழுந்து வந்துவிடுவார்.

ஒருநாள் சித்தி அடுத்த தறிக்காரம்மாவின் காதில் ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எல்லாத் தறியும் ஒரே நொடியில் நின்ற அமைதியில் சித்தியின் குரல் மட்டும் தெருமுனை வரைக்கும் போயிற்று: "நம்ம மொதலாளி தலையில இருக்கறது விக்குங்கக்கா!"

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். பாவம், தன் தலையைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். சித்தி அசரவில்லை. "கரண்டு போனா என்னங்க, சொன்னது சொன்னதுதானுங்களே" என்றாள்.

இந்தக் கதையை மகள் நந்தினிக்கு நான் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரிக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கல்லூரிக் கூட்டாளிகள் இருவரோடு சேர்ந்து பாடுவது ஹார்ட்கோர் பங்க் என்கிற ராக் வகை. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டுகள். மூச்சு முட்டும் வேகம், முழுக்கக் கத்தல். அவள் குரல்நாணில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்ட கட்டி இல்லை என்று தெரியவரும் வரை நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத இப்போதும் தெம்பில்லை. இன்றைக்கும் அவள் இருமினால் என் கை நின்றுவிடுகிறது. மறுபடி கத்தினால் கட்டி திரும்ப வரலாம் என்றார் மருத்துவர்.

அவள் பேசவே கூடாத அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் பட்டறை பாஷைதான்: கையும் உதடும். விக்குக் கதையைக் கேட்டு அவள் தோள் மட்டும் குலுங்கியது. விரலைச் சுழற்றி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பேச அனுமதி கிடைத்ததும் கூட்டாளிகள் வந்தார்கள். காபி கொண்டுபோன நான் கதவோரமே நின்றுவிட்டேன்.

"பாட்ட நான் கத்திக்கறேன் நந்து. நீ கிட்டார் மட்டும் வாசி" என்றான் டிரம் வாசிக்கும் கார்த்தி.

"பாட்டு என்னுதுடா." அவள் குரல் காகிதம் உரசுவதுபோல் இருந்தது.

"எங்க சத்தத்துல இந்தக் கொரலு எங்க கேக்கும்?"

"நான் பேசறப்ப நீங்க நிறுத்துங்க. கரண்டு போன மாதிரி, டப்புனு."

"நிறுத்துனா அது ஹார்ட்கோரே இல்ல."

"அப்ப வேற பேரு வெச்சுக்க. காபி ஆறுது, குடி."

அவர்கள் போனபிறகு கெஞ்சினேன்: "போதும் சாமி, உட்டுரு. வேற ஏதாச்சும் பண்ணிக்கலாம்."

"டப்புனு நிறுத்தறதே நீங்க சொன்ன கதையில இருந்துதானுங்கம்மா" என்று அவள் சிரித்தாள். அவளைத் தேற்றச் சொன்ன கதை இப்படி எனக்கே வினையாகிவிட்டது.

ஆல்பம் வெளிவந்துவிட்டது. சில பாட்டுகள் லோ வோல்டேஜில் ஓடும் தறிபோல மெதுவாக நகர்கின்றன. இதெல்லாம் பங்க்கே இல்லை என்று இணையத்தில் சிலர் திட்டுகிறார்கள். இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்று சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த வழக்கு புரியவில்லை. தலைதெறிக்க ஓடும் சத்தம் அறுந்து விழுகிற இடத்தில் அவள் மெல்லச் சொல்கிறாள்: "இருங்க, நான் இன்னும் முடிக்கல." பிறகுதான் சத்தம் திரும்பி வருகிறது. அது புரிகிறது.

முன்பெல்லாம் அவள் பின்னறையில் தலையணைக்குள் முகம் புதைத்துக் கத்திப் பழகுவாள். "புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்று பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்ப்பார். கதவைத் தட்டித் தட்டி நானும் அலுத்திருக்கிறேன். அந்தக் கத்தல் போய்விட்டது. இனி அந்தத் தொண்டை வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இருக்கிற தொண்டையோடுதான் வருகிற சனிக்கிழமை சேலத்தில் பாடப் போகிறாள். நானும் போகிறேன், பயந்துகொண்டேதான். மேடைக்கு முன்னால் நின்றுகொள்வேன். அவர்கள் நிறுத்தும் நேரத்தில் யாரும் வாய்திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?