பஞ்சரில் நின்ற வயிற்றுவலி

இன்று காலையும் தருமபுரி ஆபீஸுக்குப் போக பாலக்கோட்டில் பஸ் ஏறியதுமே வயிறு முறுக்கியது.

"குடல்ல ஒண்ணுமில்லீங்க, பதட்டந்தான்" என்று போன வாரம் டாக்டர் சொன்னார். எனக்குப் பதட்டமே கிடையாது என்று அவரிடம் வாதாடினேன்.

பாதி வழியில் டயர் பஞ்சர்.

"வண்டி இனிமே போவாதுங்க, எல்லாம் எறங்கிக்கங்க" என்றார் கண்டக்டர்.

இன்று ஆபீஸ் இல்லை என்று நினைத்த அந்த நொடியே வலி நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு காலையில் சாப்பிட்டேன். ரோட்டோரக் கடையில் நாலு இட்லி.

கை கழுவும்போது கண்டக்டர் ஓடிவந்தார்.

"சார், தருமபுரி வண்டி வந்துருச்சு! உங்களுக்கு சீட்டு சொல்லி வெச்சிருக்கறேன், வாங்க!"

வயிறு மறுபடி முறுக்கியது. எனக்குப் பயமோ பதட்டமோ எதுவுமே தோன்றவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

நான் பயப்பட மறந்துவிட்டேன். எனக்கும் சேர்த்து வயிறு பயப்படுகிறது.

உங்களுக்காக எது பயப்படுகிறது?