உயிரோடு இருந்தவருக்கு நான் அடித்த மரண அறிவித்தல்

1. மேசை

சுன்னாகத்தில் ஒரு அச்சகத்தில் பதினெட்டு வருசமாக மரண அறிவித்தல் டைப் பண்ணியவள் நான். ஓ.எல். வரைதான் படிப்பு. காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு மேசையில் இருந்தால் பின்னேரத்துக்குள் மூன்று பேரையாவது நல்லபடி அனுப்பி வைப்பேன். ஒரு நாள் முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, இப்ப சனம் நோட்டீஸ் அடிக்கிறேல்லை. எல்லாம் வெப். நீ போய் வெப் டிசைன் படி. ஒரு கஸ்டமருக்கு சைட் செய்து, அவர் தன்ரை வாயால நல்லாயிருக்கு எண்டு சொன்னால் மேசை உனக்கு. இல்லாட்டி இந்த இடத்தில போட்டோக்கொப்பி மெஷின் வைக்கப் போறன்."

எனக்கு நாற்பத்தெட்டு வயது. வேறு வேலை தெரியாது. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். படிப்பித்த மிஸ்ஸுக்கு என் மூத்த மகளின் வயது.

2. தேத்தண்ணிக் கடை

முதல் வீட்டுவேலை, ஒரு தேத்தண்ணிக் கடையை அறிமுகப்படுத்தி இரண்டு வரி எழுதி, அதை வடிவாகப் பக்கமாக்குவது. நான் எழுதியது இது:

"சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும், சந்தை முன்பக்கத்தை வசிப்பிடமாகவும் கொண்ட எமது அன்புக்குரிய தேநீர்க் கடை காலை ஐந்து மணிக்குத் திறக்கப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

மிஸ் இரண்டு தரம் வாசித்தார்.

"அக்கா, கடை செத்துப்போச்சோ?"

"இல்லை மிஸ், நல்லாப் போகுது."

"அப்ப ஏன் சுத்திவரக் கறுப்புக் கோடு?"

"வடிவுக்கு, மிஸ்."

தலைப்பு பெரிதாக, விசயம் சிறிதாக, வரிக்கு வரி மூச்சு விட இடம், இரண்டு ஃபொண்டுக்கு மேல் வேண்டாம். எல்லாம் படித்தேன். வெறும் இடம் விடுவதுதான் கடைசி வரை வரவில்லை. எங்கள் தொழிலில் வெறும் இடம் கிடந்தால் எங்கேயோ ஒரு மருமகனின் பெயர் விடுபட்டுப் போயிற்று என்று அர்த்தம். அடுத்த நாள் அவர் அச்சகத்துக்கே சண்டைக்கு வருவார்.

3. மரியதாஸ் அண்ணை

முதலாளி பிடித்துத் தந்த கஸ்டமர் குருநகர் மரியதாஸ் அண்ணை. படகு எஞ்சின் திருத்துகிறவர். நான் சைட் விலாசத்தைக் கொடுத்த அன்றே பாரிசில் இருக்கிற தம்பி முதல் பக்கத்து வீடு வரை எல்லாருக்கும் அனுப்பி, "என்ரை சைட் வரப்போகுது, பாத்துக்கொண்டிருங்கோ" என்று சொல்லிவிட்டார். போட்டோ கேட்டேன். மகளின் கலியாணத்தில் கோட்டு போட்டு எடுத்த படம் வந்தது. எழுத விசயம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை தாறன்" என்றார். வரவில்லை.

"சும்மா ஏதாவது எழுத்தைப் போட்டு நிரப்பி, டிசைனைப் பாருங்கோ அக்கா. பிறகு மாத்தலாம்" என்றார் மிஸ்.

சும்மா என்றால் என் விரலுக்குத் தெரிந்தது ஒன்றுதான். படத்தை நடுவில் வைத்தேன். குருநகரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட பிரபல இயந்திரத் திருத்துநர், அன்புக் கணவர், பாசமிகு தந்தை என்று தன்பாட்டில் ஓடியது. அவர் கத்தோலிக்கர் என்றபடியால் சிவபதம் என்று போடாமல் இறைபதம் என்று கவனமாகப் போட்டேன். நல்லடக்கம் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. இந்த முறை வெறும் இடமும் அளவாக வந்திருந்தது. சந்தோசத்தில் "சேமி" என்பதை அமத்தாமல் "வெளியிடு" என்பதை அமத்திவிட்டு, போனை நிப்பாட்டிப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையார் கோயில் பூசைக்குப் போய்விட்டேன்.

கோயிலால் வந்து போனைப் போட்டால் முதலாளி.

"விசரே உனக்கு? அந்த மனிசன்ரை வீட்டுக்குப் பந்தல் வந்திட்டுது! இனி உன்ரை மேசையை மறந்துபோ!"

பஸ்ஸில் குருநகர் வரை தேவாரம் சொல்லிக்கொண்டே போனேன். அன்றைக்கு அண்ணை எஞ்சின் ஒன்றைக் கடலில் ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். கடலுக்குப் போன மனிசனுக்கு நோட்டீசும் வந்தால் மனைவி என்ன நினைப்பா? பாரிசுத் தம்பி போனில் அழுதாராம். வேதக் கோயிலில் சாவு மணியும் அடித்துவிட்டார்கள். கரைக்கு வந்த அண்ணை மணி கேட்டுத் தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, "ஆரப்பா போனது?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்கள்தான் அண்ணை" என்றானாம் பந்தலில் சனம் இருக்கக் கதிரை இறக்கினவன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தன் பந்தலுக்குக் கீழே நடுவில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்த மனைவி பக்கத்தில்.

"ஆர் பிள்ளை உதை எழுதினது?"

"நான்தான் அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பிரபலம் எண்டு போட்டிருக்கிறாய். முப்பது வருசமா இஞ்சை ஒருத்தனும் எனக்கு அப்பிடிச் சொன்னதில்லை."

"மனிசிகூடச் சொன்னதில்லை" என்றார் பின்னால் ஒருவர்.

"நீர் செத்தாச் சொல்லுவம் எண்டு இருந்தனான்" என்றா மனைவி. பந்தல் முழுக்கச் சிரிப்பு. வந்ததுதான் வந்தோம் என்று ஒருவர் தன் எஞ்சின் இருமுகிற கதையை எடுத்துவிட்டார்.

"உதெல்லாம் சரி பிள்ளை. ஆனா உதிலை ஒரு பிழை கிடக்கு" என்றார் அண்ணை.

"எது அண்ணை?"

"பழுதாப் போன எஞ்சினோடை ஒருத்தன் வந்து உதை வாசிச்சால் அவனுக்கு என்ன பிரயோசனம்?"

கொப்பியை எடுத்தேன். "அப்பிடி ஒருத்தர் வந்தால் நீங்கள் என்ன சொல்லுவியள்?" என்று கேட்டேன். அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினேன். போனிலேயே பக்கத்தைத் திறந்து பழையதை அழித்து, அதைப் போட்டு, கறுப்புக் கோட்டை எடுத்துவிட்டு அவரிடம் நீட்டினேன்.

"கடலுக்கை எஞ்சின் நிண்டால் பயப்படாதேங்கோ. எனக்கு ஒரு கோல் எடுங்கோ. நான் வாறன். மரியதாஸ்."

கீழே அவருடைய போன் நம்பர். மிச்சம் முழுக்க வெறும் இடம். மனைவி எட்டிப் பார்த்து, "உது அவர்தான்" என்றா. அண்ணை என் போனிலேயே முதலாளிக்கு எடுத்தார்.

"நல்லாயிருக்கு. உவவின்ரை மேசையில கை வைக்காதையும்."

இப்போது அந்த மேசையில்தான் இருந்து இதை எழுதுகிறேன். வகுப்பில் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். செத்தவர் எழுந்து வந்து திருத்தம் சொல்லமாட்டார். அந்தத் தைரியத்தில் பதினெட்டு வருசம் ஒருவரையும் கேளாமல் எழுதினேன். உயிரோடு இருக்கிறவருக்கு எழுதுவதானால், முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள்.