மூன்று கோடுகள் ஒன்றாகும் இடம்

எங்கள் வீட்டில் தம்பியின் படம் என்று ஒன்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்து உதைபந்தாட்டக் குழுவோடு எடுத்தது. இரண்டாவது வரிசையில் நிற்கிறான். முகம் ஒரு பயறளவு. போரில் மயிலிட்டியை விட்டு இடம்பெயர்ந்தபோது அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு காலையில் சைக்கிளில் வெளிக்கிட்ட தம்பி திரும்பி வரவில்லை.

அம்மா அந்தப் படத்துக்குக் கண்ணாடியும் பிறேமும் போட்டு மாட்டினார். ஆனால் பொட்டு வைக்கவோ மாலை போடவோ ஒருவரையும் விடவில்லை. அதெல்லாம் செத்தவர்களுக்கு. பின்னேரம் சாமிவிளக்கை ஏற்றியதும் படத்தைக் கழற்றி மடியில் வைத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பார். தம்பியின் முன்பல்லொன்று நுனி உடைந்தது. கிணற்றுக்கட்டில் விழுந்து உடைத்துக்கொண்டான். சிரித்தபடி நிற்பதால் அந்த உடைவு பூதக்கண்ணாடியில் தெரியும். நானும் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நான் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். ஆட்களோடு அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடிக்கும். முதலாளி புது ஸ்கானர் வாங்கியபோது அதன் பெட்டியில் அங்குலத்துக்கு 9600 புள்ளி என்று பெரிதாக அச்சடித்திருந்தது. முந்தையதில் 600 தான். அம்மா படுக்கையில் விழுந்திருந்த நேரம் அது. அடுத்த நாளே படத்தைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

பிறேமைக் கழற்றினால், ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பினேன். உரிந்தது. பயந்துபோய் அப்படியே கண்ணாடியோடு கவிழ்த்து வைத்தேன். தம்பி நின்ற இடத்தை மட்டும் 9600 இல் எடுத்தேன். கோப்பு அவ்வளவு பெரிதாக வந்ததைப் பார்த்து, எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று நம்பினேன். பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அம்மா போகும்போது, படத்தைத் தன்னோடு அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் போனார். கரவெட்டியில் இருந்து வந்த எங்கள் மூத்த அண்ணை சவப்பெட்டிக்குப் பக்கத்தில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"வேறை பிரதி இருக்கோ?"

"ஓம் அண்ணை. ஸ்கான் பண்ணி வைச்சிருக்கிறன். வடிவா இருக்கு."

"பல்லும் தெரியுதோ?"

"எல்லாம் தெரியும்."

பிறேமைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு அம்மாவின் நெஞ்சில் வைத்தார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலை வரைக்கும்தான் போனேன்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். இறந்தவரின் படமும் குடும்ப விபரமும் தேவாரமும் போட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். அதில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் தம்பியின் முகத்தையும் போட வேண்டும் என்றார் அண்ணை. கடையில் கோப்பைத் திறந்து பெரிதாக்கினேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கீறு. கொம்பியூட்டரின் பிழையாக இருக்கும் என்று இரண்டு நாள் என்னை நானே ஏமாற்றினேன்.

அந்தக் கிழமைதான் பல்கலைக்கழகத்தில் பழைய ஆவணங்களைப் படியெடுக்கும் பெண் கடைக்கு வந்தா. பழைய காணிப் படங்களை எங்கள் ஸ்கானரில் எடுக்கலாமா என்று முதலில் சோதிக்க வேண்டுமாம். கைப்பையில் இருந்து ஒரு சின்னத் தகட்டை எடுத்தா. அதில் மூன்று மூன்றாகக் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கூட்டமும் முந்தையதைவிடச் சிறிது.

"மூண்டு கோடும் மூண்டாத் தெரியிற கடைசி இடத்தைப் பிடிக்கோணும் அக்கா. அதுக்கு அங்காலை எல்லாம் ஒண்டாக் கலங்கிப்போம். அதுதான் இந்த ஸ்கானரின்ரை உண்மையான கண்."

"பெட்டியிலை 9600 எண்டு கிடக்கு," என்றேன்.

"பெட்டியிலை கிடக்கிறதை நம்பினா, நான் பூசுற கிறீமுக்கு எனக்கு இப்ப பதினாறு வயசு."

600 இல் எடுத்தோம், 1200 இல் எடுத்தோம், 9600 இலும் எடுத்தோம். கடைசி இரண்டிலும் கோடுகள் ஒரே இடத்தில்தான் கலங்கின. மில்லிமீற்றருக்கு எத்தனை கோடு என்று தகட்டோடு வந்த தாளில் பார்த்து, இரண்டால் பெருக்கி, அங்குலத்துக்கு மாற்றினா. ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. மிச்சமெல்லாம் இயந்திரம் இடையில் நிரப்பிய பொய்ப் புள்ளிகளாம்.

"பரவாயில்லை, ஒரு சின்னப் படத்திலை பல்லை எண்ண இது காணும்," என்று சிரித்தா.

விற்க வைத்திருந்த பிறேமொன்றின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

"இதை இடையிலை வைச்சு ஒருக்கா எடுப்பமோ?"

"ஏனக்கா? ஆர் கண்ணாடியோடை ஸ்கான் பண்ணப்போறாங்கள்?"

நான் கண்ணாடியை ஸ்கானரில் வைத்து, அதன்மேல் தகட்டை வைத்தேன். கண்ணாடியின் தடிப்பளவுதான் தகடு உயர்ந்தது. திரையில் பெரிய கோடுகளே கரைந்து கிடந்தன. அவ கணக்குப் பார்த்துவிட்டு, "இருநூறும் இல்லை," என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. "ஒட்டிப்போன படமோ அக்கா? கைப்போனாலை கிட்டப் பிடிச்சு எடுத்திருந்தாலும்..." என்று தொடங்கி நிறுத்தினா. என் போன் மேசையில்தான் கிடந்தது. தம்பியின் படத்தை ஸ்கான் பண்ணிய அன்றைக்கும் அங்கேதான் கிடந்தது.

கல்வெட்டில் முகத்தைத் தனியாகப் போடவில்லை. நான் எடுத்திருந்த பகுதியைப் பழைய அளவிலேயே, அம்மாவின் படத்துக்குக் கீழே போட்டேன். அந்த அளவில் பார்த்தால் கலங்கல் தெரியாது.

முப்பத்தோராம் நாள், சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு அண்ணை அம்மாவின் பூதக்கண்ணாடியை எடுத்தார். புத்தகத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"பல்லு தெரியேல்லை."

சொன்னேன். கண்ணாடியோடு எடுத்ததை, பார்க்காமலே வடிவாக இருக்கு என்று சொன்னதை, கோடுகளை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. பூதக்கண்ணாடியைப் புத்தகத்தில் இருந்து எடுக்கவுமில்லை.

"நான் ஒருநாளும் உதுக்குள்ளாலை அவனைப் பாக்கேல்லை," என்றார். "அம்மாவிட்டை வாங்கிப் பாக்க ஒரு மாதிரிக் கிடந்துது. நீ பாத்தனிதானே?"

"ஓம் அண்ணை."

"எந்தப் பக்கத்துப் பல்லு?"

"இடப்பக்கம்," என்றேன். சொன்ன பிறகு, படத்தில் இடப்பக்கமா, தம்பிக்கு இடப்பக்கமா என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.