குடிக்காத ரெண்டு ரூபாய்

எங்கள் மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மூவரும் சிதம்பரம் கோயிலுக்குப் போனோம். சாமி பார்த்துவிட்டு ஊரைச் சுற்றியபோது பல்கலைக்கழகத்து வாசல் வந்தது. தாவணி கட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர் சத்தமாகப் பேசிக்கொண்டே சைக்கிளில் உள்ளே போனார்கள். என் மனைவி நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க படிக்க வைக்க எவ்வளவுங்க ஆவும்?"

எனக்கென்ன தெரியும்? நான் காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க். பிறப்புப் பதிவும் வீட்டு வரியும்தான் நமக்குத் தெரிந்த உலகம். விசாரித்துச் சொல்கிறேன் என்று அப்போதைக்குச் சமாளித்தேன். ஆனால் அவள் மறக்கிற ஆளில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்க ஆரம்பித்தாள். கடைசியில், தம்பியை அங்கே படிக்க வைத்த ஒரு சக ஊழியரைப் பிடித்தேன்.

"படிப்புச் சம்பளம் பெருசில்ல சார். ஹாஸ்டலும் மெஸ் பில்லும்தான் ஆள முழுங்கும்" என்றார் அவர்.

வீட்டில் சொன்னதும், "இன்னும் பத்து வருஷம் இருக்குல்ல, இப்பவே ஆரம்பிச்சா ஆவும்" என்றாள். மறுவாரமே தபாலாபீசில் மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி. ஒன்று மகளுக்காக ஆரம்பமானது. முதல் இரண்டு மாதத் தவணையை நான் வெற்றிலை பாக்கை விட்டுக் கட்டினேன். மூன்றாம் மாதம் விட்டுக்கொடுக்க என்னிடம் வேறு கெட்ட பழக்கம் இல்லை.

ஆனால் எங்கள் சொந்தக்காரர்களிடம் இருந்தது. அந்த நாளில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. காரைக்கால் பாண்டிச்சேரியைச் சேர்ந்ததால் இங்கே கடைகள் திறந்தே கிடந்தன. அதனால் எங்களுக்கு உறவினர்களின் பாசம் அளவுக்கு மீறிக் கிடைத்தது. மாயவரம் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த என் மனைவியின் அண்ணன், தன் பங்காளிகள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வந்துவிடுவார். "பாப்பாவப் பாக்கணும்போல இருந்துச்சு மாப்ள" என்பார். பாப்பாவை ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். பிறகு காரைக்காலுக்குப் பஸ் ஏறிப் போய் மதியத்துக்குமேல் திரும்புவார்கள். எல்லையில் போலீஸ் வாயை ஊதச் சொல்லுமே என்ற பயத்தில், வாடை போகிறவரை எங்கள் கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். சாயங்காலம் முகம் கழுவி, விபூதி பூசி, நல்ல பிள்ளைகளாக ஊருக்குப் போவார்கள்.

அந்த மூன்றாம் மாதம் அவர்கள் வந்தபோது கூடத்து நடுவில் ஒரு பால்மாவு டப்பா உட்கார்ந்திருந்தது. மூடியில் காசு விழுகிற அளவுக்கு ஒரு வெட்டு.

"சாப்பாட்டுக்குக் காசு வாங்குனா பாவம், அது வேணாம். குடிச்சுட்டு வந்து படுக்கறதுக்கு ஆளுக்கு ரெண்டு ரூபா. பாப்பா காலேஜுக்கு" என்றாள் என் மனைவி.

நான் வெட்கம் தாங்காமல் கொல்லையில் வாழைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

"என்னம்மா, அண்ணன்கிட்டயேவா?"

"அண்ணங்கறதாலதான் ரெண்டு. வெளியாளா இருந்தா அஞ்சு."

மைத்துனர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு டப்பாவில் காசு விழுந்த சத்தம் கேட்டது. நான் ஊற்றிய தண்ணீரில் அன்றைக்கு வாழை மூழ்கிப் போயிருக்கும்.

பணம் போட்டவர்களுக்கு உரிமை வந்துவிட்டது. அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. காலாண்டுப் பரீட்சை முடிந்தால் போதும், பாயில் படுத்தபடியே ஒருவர் மார்க் அட்டையைக் கேட்பார். "கணக்குல நாப்பத்தெட்டா? நம்ம காசு வீணாப் போவுதேப்பா!" என்று இன்னொருவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். சரியாக நிற்க முடியாத மனிதர்கள் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார்கள். அவர்களுக்கே விடை தெரியாது என்பதை மகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டாள். ஆனாலும் மாமாக்கள் வருகிற ஞாயிறு என்றால் சனிக்கிழமையே புத்தகத்தை எடுத்துவிடுவாள்.

அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது தமிழ்நாட்டில் கடைகளைத் திறந்துவிட்டார்கள். அந்த ஞாயிறு யாரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாம் ஞாயிறு என் மனைவி காலையிலேயே புடவை மாற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, மாயவரம் பஸ் ஏறினாள். அண்ணன் சைக்கிள் கடையில் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாப்பாவப் பாக்கணும்போல இப்பல்லாம் இல்லியாண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். "வேலை ஜாஸ்திம்மா."

"இங்கயே கடை வந்துடுச்சு, தெரியும். அப்ப காரைக்காலுக்கு வர்ற பஸ் காசு மிச்சந்தானே? அதக் குடுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. பங்காளிகளிடம் அவரே வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை சைக்கிள் மிதித்தே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். பஸ்ஸில் வந்தால் அந்தக் காசு போய்விடுமாம்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது எல்லாம் கெட்டது. பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். மைத்துனர் வந்திருந்த அன்று, அவர் கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தது தெரியாமல், "குடிகாரங்க காசுல நான் படிக்கமாட்டேன்" என்று கத்திவிட்டாள். என் மனைவி கையை ஓங்கினாள். நான் இடையில் போனேன். அதற்குள் அவர் ஈரக்காலோடு உள்ளே வந்து நின்றார். அந்த முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"அடிக்காதம்மா. புள்ள சொன்னதுல தப்பில்ல" என்றார். பிறகு மகளிடம், "பாப்பா, நான் குடிச்ச காசு கடைக்காரன்கிட்டப் போயிடுச்சு. இது நான் குடிக்காத காசு. மாசத்துல இது ஒண்ணுதான் உருப்படியா மிஞ்சுது. வேணாங்காத" என்றார்.

மகள் கொடியிலிருந்து துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அன்று அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். என் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை; வெங்காயம் நறுக்குவதாகச் சொன்னாள்.

மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். சிதம்பரத்தில் விலங்கியலுக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. தபாலாபீஸ் பணம் சம்பளத்துக்கும் முதல் வருட ஹாஸ்டலுக்கும் சரியாக இருந்தது. அடுத்த இரண்டு வருடங்களுக்கு வருங்கால வைப்பு நிதியில் கடன் போட்டேன். சேர்க்கிற அன்று புதுச் சிக்கல். நாங்கள் வேறு மாநிலத்துக்காரர்கள் என்பதால், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு உள்ளூர் காப்பாளர் கையெழுத்துப் போடவேண்டும் என்றார் ஹாஸ்டல் வார்டன் அம்மாள். தமிழ்நாட்டில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் யோசிப்பதற்குள் மைத்துனர் முன்னால் வந்துவிட்டார். பெட்டி தூக்கத்தான் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மழுங்கச் சவரம்.

"நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

"தாய்மாமன்ங்க. நான் இருக்கேங்க."

கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது. அவர் காலையிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அடுத்த மூன்று வருடமும், ஹாஸ்டலில் பார்வையாளர் நாள் என்றால், முறுக்குப் பொட்டலத்தோடு எங்களுக்கு முன்பே போய் நின்றவர் அவர்தான்.

சேர்த்துவிட்டு வந்த பத்தாவது நாள் மகளிடமிருந்து முதல் கடிதம் வந்தது. சாம்பார் தண்ணீர் என்றும், தவளையை அறுக்கச் சொல்கிறார்கள் என்றும், அறையில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரி தன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறாள் என்றும் எழுதியிருந்தாள். என் மனைவி என்னை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு இன்லண்டு லெட்டர் வாங்கிவரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லி எழுதவைத்தாள். இடம் தீர்ந்து ஓரத்திலும் எழுதினேன். தவளையைப் பற்றி மட்டும் என்ன எழுதச் சொல்வதென்று என் மனைவிக்குத் தெரியவில்லை.