நெறி கட்டவில்லை

விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாக ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். "எந்தக் கைம்மா?" என்று கேட்பேன், அவர்கள் பதில் சொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். அப்பேர்ப்பட்டவள் என் உடம்பு விஷயத்தில் மட்டும் அடிமுட்டாளாக இருந்தேன்.

அக்கா வீடு திண்டிவனத்துக்குப் பக்கத்தில். போன வருடம் பங்குனியில் அங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைதானே என்று நானும் கொல்லையில் இறங்கினேன். இடது கை விரலில் முள் ஏறியது. நாலு நாள் கழித்துக் குளிக்கும்போது இடது அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"விரல்ல முள்ளு குத்திச்சில்ல, அதான் நெறி கட்டிக்கினு இருக்கு. வலிக்குதா?"

"இல்லக்கா."

"வலிக்கலன்னா அப்புறம் இன்னா? உட்டுத் தள்ளு."

விட்டுத் தள்ளினேன். விரல் ஆறிவிட்டது. நெறி மட்டும் அப்படியே இருந்தது, முன்பைவிடக் கெட்டியாக. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வலிக்கவில்லையே என்று மூன்று மாதம் ஊரார் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்பில் புற்று. அக்குள் வரை வந்திருந்தது. புதுச்சேரியில் அறுவை செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா ஒரு தாளில் கை வரைந்து காட்டினார். கையில் ஊறும் நிணநீர் அந்த முடிச்சுகள் வழியாகத்தான் போகுமாம். கிருமி நுழைந்தால் அங்கேதான் மடக்கிப் பிடிக்குமாம். அந்தச் சண்டையில் முடிச்சு வீங்கி வலிப்பதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். புற்று பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

"இனிமே இந்தக் கைய நீங்கதான் பாத்துக்கணும். ஊசி, பி.பி. பட்டை, இறுக்கமான வளையல் எதுவும் கூடாது. சின்னக் காயம்னாலும் கை சிவந்தா உடனே வந்துடுங்க."

தலையாட்டினேன். அழவில்லை. இடது மேல்கையின் உட்புறம் மரத்துப்போயிருந்தது. நானும் மரத்துப்போயிருந்தேன். முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. வேலைக்குத் திரும்பினேன். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் எடுக்கக்கூட எழுந்திருக்க விடவில்லை. எரிச்சலாக வந்தது. அவள் ஆய்ந்துகொண்டிருந்த கெளுத்தி மீனை வேண்டுமென்றே பிடுங்கி நான் ஆய்ந்தேன். மீன் முள் இடது உள்ளங்கையில் இறங்கியது. கழுவி மருந்து போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் கண்ணாடி முன்னால் நான் தலை வாரும்போதுதான் அக்கா பார்த்தாள். கை சிவந்து, முழங்கை வரை வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. பதறிப்போய் என் கையைத் தூக்கி அக்குளை அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"அப்பாடா, நெறி கட்டல. ஒண்ணும் இல்லடி."

"கட்டறதுக்கு அங்க இன்னாக்கா இருக்கு?" என்றேன்.

கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. "அன்னிக்கு உட்டுத் தள்ளுன்னு நான்தானடி..." என்று ஆரம்பித்த அக்காவால் முடிக்க முடியவில்லை. அழுதாள்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் என் மேல்கையை உட்புறமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் அழுந்தும் அளவுக்கு. பார்க்காமல் இருந்திருந்தால் பிடித்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, செத்துப்போய்விடுவேனோ என்ற பயம்.

"ஆட்டோ கூப்புடுக்கா," என்றேன். "ஜல்தி."