கழித்த ஓர் அங்குலம்

1976-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. முதுகலைத் தமிழ் முதலாண்டுத் தேர்வை எழுதிவிட்டு, காரிமங்கலத்தில் இருந்த அக்காவின் வீட்டுக்கு வந்திருந்தேன். அக்காவின் மகனுக்கு அப்போது எட்டு மாதம். மூளையில் நீர் தேங்கித் தலை பெருக்கும் நோயுடன் பிறந்தவன். சென்னை மருத்துவமனை ஒன்றில் அவன் தலைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைப் பதித்திருந்தார்கள். அது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, மிகுதியான நீரை வயிற்றுக்குள் வடித்துவிடும். குழாய் அடைத்துக்கொண்டால் தலை மறுபடி பெருக்கும், உயிருக்கே ஆபத்து. ஆகவே வாரந்தோறும் தலையின் சுற்றளவை அளந்து அஞ்சலட்டையில் எழுதச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எதையும் பிசகாமல் செய்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

அளவு நாடா, பக்கத்து வீட்டுத் தையற்கார பாயுடையது. முனை நைந்து போனதால் அதன் முதல் அங்குலத்தை அவர் கத்தரித்துவிட்டிருந்தார். நாடா ஒன்று என்ற எண்ணில்தான் தொடங்கும். வந்த அளவில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை தரும்போதும் சிரித்துக்கொண்டே சொல்வார்: “எம்.ஏ. படிக்கிற புள்ள, ஒண்ணு கழிக்க மறந்துடாதீங்கம்மா.”

மூன்று வாரங்கள் மறக்கவில்லை. மூன்று அட்டைகளிலும் பதினெட்டரை என்றே எழுதினேன்.

நான்காவது வாரம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி நாடாவை எடுத்துக் கொடுத்தார். அளந்தேன், பத்தொன்பது. வழக்கம்போல ஒன்றைக் கழித்தேன். பதினெட்டு! அரை அங்குலம் குறைந்திருந்தது. உடனே அட்டை எழுதித் தபாலில் சேர்த்தேன்.

அன்றும் மறுநாளும் அக்கா குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை.

“ஏன்டி, குடிச்ச பாலெல்லாம் கக்கிடுறான். கண்ணு ரெண்டும் கீழயே போவுது. எப்பப் பாரு தூங்கிட்டே இருக்கறான்.”

“அளவு குறைஞ்சிருக்குதுக்கா. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். சும்மா பயப்படாத.”

அக்கா நான்காம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். என் எண்ணுக்கு முன்னால் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, குழந்தையின் குல்லா தலையில் ஏறவில்லை. தழும்பின்மேல் வெயில் படாதிருக்கச் சென்ற மாதம் பாய் தைத்துத் தந்த பருத்திக் குல்லா அது. “தொவச்சதுல சுருங்கிடுச்சு போல. பாய்கிட்ட குடுத்துப் பிரிச்சுத் தச்சுக் கொண்டா” என்றாள் அக்கா.

பாய் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நனைச்சுக் காயவெச்சு வெட்டின துணிம்மா இது. சுருங்காது. இப்பத் தலை என்ன அளவு?”

“பதினெட்டுங்க பாய். குறைஞ்சிருக்குது.”

“குறைஞ்ச தலைக்குக் குல்லா ஏன் ஏறல?” தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தார். கழுத்தில் கிடந்த நாடாவைப் பிடித்து, தகடு பதித்த முனையைக் காட்டினார். “பழசு அறுந்துபோச்சுன்னு புதுசு வாங்கிட்டேனே. இதுலயுமா கழிச்சீங்க?”

அப்படியானால் அன்று நாடா காட்டிய பத்தொன்பதே சரியான அளவு. தலை குறையவில்லை; அரை அங்குலம் பெருத்திருந்தது. வீட்டுக்கு ஓடி, தலை பெருத்திருக்கிறது, உடனே சென்னைக்குப் போக வேண்டும் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

பாய் கடையை அப்படியே விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தம்வரை எங்களோடு ஓடிவந்தார். சந்தை நாள், வண்டியில் கால் வைக்க இடமில்லை. பாய் உள்ளே ஏறி, தன் பக்கத்து இருக்கையில் கோழிக்கூடையை வைத்திருந்தவரிடம், “அண்ணா, கோழி நின்னுக்கிட்டு வரும். புள்ளக்காரி நிக்க முடியாது” என்று சொல்லிக் கூடையைத் தாமே இறக்கினார். அக்காவும் மாமாவும் நானும் சேலம் போய் ரயில் ஏறினோம்.

சென்னையில் மறுநாளே அறுவை சிகிச்சை செய்து, அடைத்திருந்த குழாயை மாற்றினார்கள். அதற்கடுத்த நாள் என் அஞ்சலட்டை அங்கே வந்து சேர்ந்தது. மருத்துவர் அதை என்னிடம் நீட்டினார். அடித்தல் திருத்தல் இல்லாத என் கையெழுத்து: பதினெட்டு அங்குலம். குறைந்துள்ளது. குழந்தை நலம்.

“நீங்க வராம இது மட்டும் வந்திருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேம்மா” என்றார். அதில் கோபமில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையின் தலையில் போட்டிருந்த கட்டின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். பிறகு, “கழிச்சது போவட்டும்டி. நான் சொன்னப்ப அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்திருக்கலாமில்ல” என்றாள்.

ஒன்றரை வயதில் அவன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவன் தலையை நான்தான் அளக்கிறேன். ஆனால் நாடாவை விரிக்குமுன், அவன் எப்படி இருக்கிறான் என்று அக்காவைக் கேட்டு, அவள் சொல்வதையே அட்டையின் முதல் வரியாக எழுதுகிறேன்.